எண்பத்தேழாவது தகடு

என் சலவை இயந்திரத்தின் குழாய் கழன்றுகொண்டது
ஒரு செவ்வாய் இரவில். நான் நல்ல தூக்கம்.
தண்ணீருக்கு மாடிப்படி தேவைப்படவில்லை.
நேராக இறங்கி
வெல்லோ வீட்டு அலமாரியைத் தேடிப் பிடித்தது.

காலையில் கதவருகே வந்து நின்றார்.
கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.
"நூற்றுப் பதினொன்று" என்றார், எண்ணிக்கை மட்டும்.
"நானே கழுவித் தருகிறேன்" என்றது
என்னைக் கேட்காமல் என் வாய்.

மார்ச் பிறந்தும் எமயோகி ஆறு உறைந்தே கிடக்கிறது.
தார்த்து நகரத்து ஐந்தாம் மாடிச் சமையலறையில்
ஆறு நாளாய்ச் சமையல் இல்லை, ரொட்டியும் மீனும்தான்.
தொட்டியில் வெதுவெதுப்பான நீர்,
பாத்திரச் சோப்பு ஒரே ஒரு சொட்டு.

சுண்ணாம்பு காய்ந்த தகட்டைத் தேய்க்கக் கூடாது.
அவர் கூரையும் என் தரையும் ஒரே சுண்ணாம்பு,
தேய்த்தால் பரல்பரலாய் உழுதுவிடும்.
நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்,
தானாக விட்டுப் போகும்வரை.

"பற்பசை போடு, கீறல் போய்விடும்" என்றாள் ட்ரீனு தொலைபேசியில்.
பல்லா இது என்று கேட்டேன்.
வைத்துவிட்டாள்.

நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு, நேர்க்கோட்டில்.
வட்டமாகத் துடைத்தால்
விழுகிற கீறல் பாட்டு போகிற வழியிலேயே போகும்,
கூடவே நடந்து, முழுதாய்த் தின்னும்.
குறுக்கே விழுந்த கீறலென்றால் இயந்திரம் தாண்டிவிடும்,
சாலையில் தேங்கிய நீரைத் தாண்டுகிறவர் போல,
பேச்சை நிறுத்தாமல்.

மின்னுகிற முகம்தான் நோஞ்சான் என்றிருந்தேன்.
இல்லை. பெயர் அச்சடித்த முதுகுதான்.
அங்கே மேல்பூச்சு வெங்காயத்தோல்,
அதற்கடியிலேயே எல்லாச் சத்தமும்.

துணிக்கொடியில் நனைந்த உறைத்தாள்கள்.
சர்ச் பாடகர் குழு முழுக்க
ஓர் அக்கார்டியன்காரரின் மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது.
பிரிக்கப் பார்த்தேன்.
இரண்டு தாள்களும் கிழிந்தன. அதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

துடைத்த ஒவ்வொன்றையும் பத்து வினாடி ஓடவிட்டேன்,
பிழைத்ததா என்று பார்க்க.

எண்பத்தேழாவதில் அச்சு இல்லை.
மார்க்கர் பேனாவில் இரண்டே சொற்கள்:
மேல்வீடு. பிப்ரவரி.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு நாற்காலி இழுபடும் ஓசை.
அந்த நாற்காலியை எனக்குத் தெரியும்,
மூன்றாம் காலுக்கு அடியில் ரப்பர் இல்லை.
குதிகால், குதிகால், குதிகால்.
நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பாக என் சலவை இயந்திரம்
ரயில் போல.
யாரோ ஒரு பாட்டின் முதல் வரியை மட்டும்
மறுபடி மறுபடி பாடுகிறாள், சுருதி இல்லாமல்.
இரண்டாம் வரி எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

நடுவில் ஓர் இருமல், மிக அருகில்.
அது அவருடையது.

பத்து வினாடி அல்ல, நாற்பத்தொரு நிமிடம் கேட்டேன்.

அடுத்த வாரம் குடியிருப்போர் சங்கக் கூட்டம்.
என் கையில் தகடு. இன்னொரு கையில் துணி.
ஒரே ஒரு வட்டம் போதும், கொஞ்சம் அழுத்தி.
ஜன்னலோரம் ஸ்பிரிட் புட்டி வேறு.
மார்க்கர் மை அதற்கு நிற்காது.
தண்ணீர்தான் கெடுத்தது என்றால் யார் மறுப்பார்?

விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன்.
ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, பிசுபிசுவென்று.

துடைத்தேன்.
நடுவிலிருந்து விளிம்புக்கு.

வெல்லோ எண்ணி வாங்கிக்கொண்டார்.
"எல்லாம் ஓடுகிறதா?"
"எல்லாம் ஓடுகிறது."
கிழிந்த தாள்களைப் பற்றிச் சொன்னேன்.
தலையாட்டினார், என் முகத்தைப் பார்க்காமல்.

நாற்காலியை இப்போது தூக்கித்தான் வைக்கிறேன்.
வீட்டுக்குள் தடித்த கம்பளிக் காலுறை.
பாட வாயெடுத்தால் தரையைப் பார்க்கிறேன்.
மார்ச் என்று ஒரு தகடு இருக்குமானால்
அவர் இருமல்தான் அதில் கேட்கும்.